முதுகில் இருந்த அந்த ஒரு முத்திரை

அன்பு மகளுக்கு,

இங்கே அம்மா, அப்பா, அண்ணன், அத்தை நால்வரும் நலம். நலம் என்றால், உன் அப்பாவின் முழங்கால், உன் அத்தையின் வாய், இடது பக்கத்து இஸ்திரி மேசையின் மிதிகட்டை இந்த மூன்றையும் தள்ளிவிட்டுப் பார்த்தால் நலம். நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கிற ஐந்து மாதத்து ஆளும் சுகமாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர இந்த ஒரு வாரமாக எனக்கு வேறு நினைப்பு இல்லை. நாலு நாளாக என் போனை எடுக்காதவள் நேற்று எடுத்தாய், எடுத்ததும் நான் சொன்னேன், பயப்படாதே, அப்பாவுக்கு இருக்கிற அந்த ஜீன் கோளாறு உனக்குக் கிடையாது, அதனால் குழந்தைக்கும் வராது என்று. நீ "சும்மா ஆறுதலுக்குச் சொல்லாதம்மா, நீ என்ன டாக்டரா" என்று வைத்துவிட்டாய். நான் டாக்டர் இல்லைதான். ஆனால் எந்த டாக்டருக்கும் தெரியாத ஒரு விஷயம் எனக்குத் தெரியும், அதைப் போனில் சொல்லி முடிப்பதற்குள் நீ அழுவாய், நீ அழுதால் நான் மறுபடியும் ஏதாவது பொய் சொல்லிச் சமாளித்துவிடுவேன், எனக்கு என்னைத் தெரியும். அதனால்தான் கல்லா மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். உன் அண்ணன் இதைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து இன்றைக்கே அனுப்புவான், காகிதம் தபாலில் பின்னால் வரும். படம் பிடிக்கிற சாக்கில் அவன் படிக்கவும் செய்வான். டேய், படித்தது போதும், பக்கத்தைத் திருப்பு.

முதலிலிருந்தே சொல்கிறேன், ஏனென்றால் உன் அத்தை உனக்குப் போனில் எப்படிச் சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். ஒரு சட்டையில் பொத்தான் விழுந்ததை அவர் சொன்னால் கேட்கிறவர்களுக்குக் கடையே எரிந்துபோன மாதிரி இருக்கும். நடந்தது இவ்வளவுதான். நீ போன பிறகு நம் கடைக்கு வாடிக்கையாக வருகிற தோல் டாக்டரம்மா ஒருவர் இருக்கிறார், வாரம் ஆறு வெள்ளைக் கோட்டு சலவைக்குப் போடுவார், ஆறிலும் பேனா ஒழுகியிருக்கும், அத்தனை படித்தவருக்குப் பேனாவை மூடத் தெரியாது. இரண்டு மாதத்துக்கு முன்பு அவர் கோட்டு வாங்க வந்தபோது உன் அப்பா பாய்லர் சூடு தாங்காமல் வெறும் பனியனோடு நின்று இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். அவர் தோளையும் முதுகையும் பார்த்த டாக்டரம்மா கோட்டை வாங்காமல் அப்படியே நின்றுவிட்டார். "ஐயா, இதெல்லாம் எவ்வளவு நாளா இருக்கு" என்று கேட்டார். உன் அப்பாவுக்குக் கேட்க வேண்டுமா, "இது எங்க வம்ச முத்திரைங்க டாக்டரம்மா, எங்க தாத்தாவுக்கு, அப்பாவுக்கு, அக்காவுக்கு, என் பையனுக்கு, எல்லாருக்கும் உண்டு" என்று பனியனை மேலே தூக்கிக்கொண்டு திரும்பி நின்றார். டாக்டரம்மா விரலை வைத்து எண்ணினார். பால் டீ சிந்திக் காய்ந்த நிறத்தில் பதினொன்று. அப்புறம் அக்குளைக் காட்டச் சொன்னார். காட்டினார். திரைச்சீலை வாங்க வந்த பள்ளித் தலைமையாசிரியை ஒருவர் அங்கேயே நிற்கிறார் என்கிற உணர்வு கொஞ்சமாவது இருக்க வேண்டாமா, இரண்டு அக்குளையும் காட்டினார். முதுகில் இருக்கிற மெத்தென்ற கட்டிகளை அமுக்கிப் பார்த்து வலிக்குதா என்று டாக்டரம்மா கேட்டதற்கு, "வலிக்காதுங்க, என் பிள்ளைங்க சின்ன வயசுல அதை அமுக்கித்தான் விளையாடும்" என்று சொல்லிச் சிரித்தார். டாக்டரம்மா சிரிக்கவில்லை. ரத்தம் கொடுக்கச் சொல்லி ஒரு சீட்டு எழுதினார், அந்தச் சீட்டிலும் பேனா ஒழுகியது.

போன திங்கட்கிழமை நாலு பக்கத்தில் முடிவு வந்தது. டாக்டரம்மா எங்கள் இருவரையும் உட்கார வைத்து ஒரு மணி நேரம் விளக்கினார், நான் கையில் இருந்த கறை நோட்டில் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன், யாரோ ஒரு கல்யாண மாப்பிள்ளையின் கோட்டு காலரில் எண்ணெய், மூன்றாம் நம்பர் போர்வையில் பழச்சாறு, அதற்கு அடுத்த வரியில் உன் அப்பாவின் ஜீன். எல்லார் உடம்பிலும் பதினேழாம் நம்பர் குரோமோசோம் என்று ஒன்று இருக்கிறதாம், அதில் என்.எஃப்.1 என்று ஒரு ஜீன். அந்த ஜீன் ஒரு புரதத்தைச் செய்யச் சொல்லிக்கொடுக்கிறது, அதன் பெயர் நியூரோஃபைப்ரோமின், மூன்று தடவை டாக்டரம்மா சொன்னார், நாலாவது தடவை நானே சொல்லிவிட்டேன், உன் அப்பாவுக்கு இன்னும் வாயில் வரவில்லை. செல்லுக்குள்ளே வளரு, பெருகு என்று ஒரு உத்தரவு போய்க்கொண்டிருக்குமாம். அந்த உத்தரவைக் கடத்திவிடுகிறது ராஸ் என்கிற இன்னொரு புரதம். உத்தரவு போனால் செல் வேலை செய்யும், போதும் என்றால் யாராவது ராஸை அணைக்க வேண்டும், அந்த அணைக்கிற வேலைதான் இந்த நியூரோஃபைப்ரோமினுடையது. நம் பாய்லரில் ஆவி அளவுக்கு மீறினால் டக்கென்று தானாக வெட்டிவிடுமே, அந்த மாதிரியா என்று கேட்டேன். "அதேதாம்மா" என்று டாக்டரம்மா மேசையில் தட்டினார், எனக்குப் பெருமையாக இருந்தது, உன் அப்பா என்னைப் பார்த்து முறைத்தார். ஜீன் ஒவ்வொருவரிடமும் இரண்டு பிரதி இருக்கும், அம்மா கொடுத்தது ஒன்று, அப்பா கொடுத்தது ஒன்று. உன் அப்பாவிடம் ஒரு பிரதி பழுது. ஒன்று பழுதானாலே அணைக்கிற ஆள் குறைந்துபோய், தோலில் டீக்கறை விழும், நரம்பை ஒட்டிக் கட்டி வளரும். பெரும்பாலான கட்டிகள் சாதுவானவை, சிலதைக் கவனிக்க வேண்டும், பிறக்கிற குழந்தைகளுக்குக் கண்ணையும் எலும்பையும் வருஷா வருஷம் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆக, நாலு தலைமுறையாகச் சட்டையைக் கழற்றிக் கழற்றிக் காட்டிய வம்ச முத்திரை ஒரு பழுதான ஸ்விட்ச். அப்புறம் அவர் இன்னொன்று சொன்னார். அந்தப் பழுது எந்தப் பிள்ளைக்குப் போகும் என்பது நாணயம் சுண்டுகிற மாதிரி, ஒவ்வொரு பிள்ளைக்கும் தனியாகச் சுண்ட வேண்டும், பாதிக்குப் பாதி, முத்திரை இல்லாமல் பிள்ளை பிறப்பதில் ஓர் அதிசயமும் இல்லை என்றார். அந்த இடத்தில் நான் அழுதுவிட்டேன். புருஷன் உடம்பை நினைத்து அழுகிறாள் என்று டாக்டரம்மா தண்ணீர் கொடுத்தார். நான் அதற்கு அழவில்லை.

பிள்ளைகளைப் பற்றிக் கேட்டார். உன் அண்ணனுக்கு ஒன்பது இருக்கிறது என்றோம், அவனுக்கும் ரத்தம் எடுத்தாயிற்று, வருஷத்துக்கு ஒரு முறை ரத்த அழுத்தமும் மற்றதும் பார்த்துக்கொண்டால் போதுமாம், அவன் வழக்கம்போல் தோளைக் குலுக்கிவிட்டு சாப்பிடப் போய்விட்டான். மகளுக்கு என்று கேட்டபோது நான் வாயைத் திறப்பதற்குள் உன் அப்பா, "ஒண்ணே ஒண்ணு இருந்துச்சு, முதுகுல, சின்னதுல. அப்புறம் மறைஞ்சிடுச்சு" என்றார். டாக்டரம்மா அதை எழுதிக்கொண்டார். வேறு யாருக்காவது ஒரே ஒரு கறை என்றால் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டோம், ஆனால் அப்பாவுக்கு உறுதியாகிவிட்டது, பெண் கர்ப்பமாக வேறு இருக்கிறாள், அதனால் அங்கேயே சீக்கிரம் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளச் சொல்லுங்கள், தேவைப்பட்டால் குழந்தைக்கும் பார்க்க வேண்டியிருக்கும் என்றார். அந்த நிமிஷமே சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை, பயந்தேன். மறுநாளே உன் அத்தை உன்னைக் கூப்பிட்டு, உனக்கும் இருக்கு, குழந்தைக்கும் வரும் என்று ஒப்பாரி வைக்காத குறையாகச் சொல்லியிருக்கிறார். புதன்கிழமை உன் அண்ணன் வந்து, நீ அழுதுகொண்டே இருக்கிறாய், ஊசி குத்திக் குழந்தையைச் சுற்றி இருக்கிற நீரை எடுத்துப் பார்க்க வேண்டும் என்கிறார்களாம், இருக்கிறது என்று வந்துவிட்டால் குழந்தையை என்ன செய்வது என்று உனக்கும் மாப்பிள்ளைக்கும் பேச்சே வரவில்லையாம் என்று சொன்னான். அன்றைக்குத்தான் நான் இதற்கு மேல் மூடி வைக்கக்கூடாது என்று முடிவு செய்தேன்.

இனிமேல் வருவதை உட்கார்ந்து படி. உன் அப்பா வீட்டார் பரம்பரையாகத் துணி வெளுக்கிறவர்கள். வருகிற ஒவ்வொரு துணிக்கும் காலருக்குள்ளேயோ இடுப்புப் பட்டைக்குள்ளேயோ அடையாள மையால் ஒரு குறிப்பு போட்டுத்தான் தொட்டியில் போடுவோம், அடையாளம் இல்லாத துணி எந்த வீட்டுக்குப் போகும் என்று யாருக்கும் தெரியாது. அதையே பார்த்துப் பார்த்து வளர்ந்தவர்கள், தங்கள் உடம்பில் டீக்கறை தெரிந்ததும் வேறு மனிதர்களாக இருந்தால் வைத்தியரிடம் போயிருப்பார்கள், இவர்கள் கடவுளே நமக்கு அடையாளம் போட்டு அனுப்பியிருக்கிறார் என்று கொண்டாடிவிட்டார்கள். சலவைக்காரர்களுக்கு மட்டும்தான் இப்படி ஒரு புத்தி போகும். சுண்டின நாணயம் எல்லாம் ஒரே பக்கமாக விழுந்துகொண்டிருந்ததால் அந்தக் குடும்பத்தில் முத்திரை இல்லாத பிள்ளையை யாரும் பார்த்ததும் இல்லை. உன் அண்ணனுக்கு மூன்று மாதத்திலேயே ஐந்து வந்துவிட்டது, உன் அத்தை தெரு முழுக்க மிட்டாய் கொடுத்தார். அப்புறம் நீ பிறந்தாய். ஒரு மாதம், மூன்று மாதம், ஐந்து மாதம் ஆயிற்று, உன் மேல் ஒரு புள்ளி இல்லை. ஒரு நாள் கடை நிறைய ஆள் இருக்கும்போது உன் அத்தை உன்னைத் தூக்கிக்கொண்டு போய்க் கறை பார்க்கிற விளக்கின் கீழே படுக்க வைத்து, முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது நம்ம கடைத் துணி இல்லையே" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் முதலில் வேடிக்கையாகத்தான் இருந்தது. அப்புறம் அது வேடிக்கையாக இல்லை. சோப்புத்தூள் கம்பெனி ஆள் வாரா வாரம் வருகிறானே, வந்தால் உடனே போவதில்லையே என்று ஆரம்பித்தார். அந்த ஆளுக்கு முன்பல் இரண்டு கிடையாது, பேசினால் எதிரில் நிற்கிறவர்கள் முகம் கழுவ வேண்டும், எனக்கு அவ்வளவு மோசமான ரசனை என்றா நினைத்தீர்கள் என்று நான் திருப்பிக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை, அப்போது எனக்கு வயது இருபத்தேழு. உன் அப்பா பக்கத்தில்தான் நின்றார். ஒரே சட்டைக் கையை மூன்று தடவை இஸ்திரி போட்டார், ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றைக்கு எனக்கு உன் அத்தை மேல் வந்த கோபத்தைவிட அவர் மேல் வந்த கோபம் பெரியது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடை விடுமுறை. நான் அடையாள மையை எடுத்தேன். ஒரு சொட்டுக்கு நாலு சொட்டுத் தண்ணீர் கலந்தேன், இல்லாவிட்டால் தோல் எரியும். தீக்குச்சி முனையில் பஞ்சைச் சுற்றி, உன் முதுகில் இடது பக்கம், இடுப்புக்கு நாலு விரல் மேலே, ஒரு அவரை விதை அளவுக்குப் போட்டேன். ஓரத்தை வேண்டுமென்றே கோணலாக்கினேன், வட்டமாக இருந்தால் கை வைத்தது தெரிந்துவிடும், கறையைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். அந்த மை போட்டவுடன் தெரியாது, வெளிச்சம் படப்படத்தான் பழுப்பேறும். ஜன்னல் ஓரம் உன்னைக் குப்புறப் போட்டுக் காத்திருந்தேன், நீ சிரிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. மறுநாள் உன் அத்தை உன்னைக் குளிப்பாட்டும்போது கண்டுபிடித்து, "வந்துடுச்சு, வந்துடுச்சு" என்று கத்திக்கொண்டு ஈரத்தோடு உன்னைக் கடைக்குள் தூக்கிவந்து, அந்த மையின் மேல் முத்தம் கொடுத்தார். உன் அப்பா ஓடிவந்து பார்த்தார், அவர் கண் கலங்கியது, அதைப் பார்த்த பிறகு எனக்கு எப்படி வாய் வரும். தோலில் அந்த மை பத்து நாள் நிற்கும். பத்து நாளைக்கு ஒரு தடவை புதுப்பித்தேன். ஆமாம், நாலு வருஷம். நாலு வயதில் நீ, "முதுகுல ஏம்மா ஜில்லுனு இருக்கு" என்று கேட்க ஆரம்பித்தாய், உனக்குத் தெரிந்தது தெருவுக்கே தெரிந்த மாதிரி, அதனால் நிறுத்திவிட்டேன். வளர வளர மறைந்துவிட்டது என்று எல்லாரிடமும் சொன்னேன். "ஒண்ணே ஒண்ணு வந்துச்சு, அதுவும் நிக்கல" என்று உன் அத்தை உனக்கு அரைமுத்திரை என்று பேர் வைத்தார். அந்தப் பேர் உனக்கு எவ்வளவு வலித்தது என்று எனக்குத் தெரியும், நீ இவ்வளவு தூரத்தில் வேலை தேடிக்கொண்டதில் அதற்கும் பங்கு இருக்கிறது என்றும் தெரியும். இவ்வளவுதான் விஷயம். உன் முதுகில் முத்திரை எதுவும் எப்போதும் இருந்ததில்லை. நீ உன் அப்பாவின் மகள், சந்தேகமே இல்லாமல் அவர் மகள், அந்த உண்மையைக் காப்பாற்ற நான் ஒரு பொய்யை வரைந்தேன், அந்தப் பொய் முப்பத்தொரு வருஷம் கழித்து உன் வயிற்றில் இருக்கிற குழந்தையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

புதன்கிழமை மத்தியானம் உன் அப்பாவிடம் சொன்னேன். இரண்டு பேரும் படுக்கை விரிப்பை ஆளுக்கு இரண்டு முனையாகப் பிடித்து மடித்துக்கொண்டிருந்தோம், முகத்தைப் பார்க்காமல் சொல்ல அது வசதி. முழுசாகக் கேட்டார். கேட்டுவிட்டு அந்த மனுஷன் முதலில் கேட்டது என்ன தெரியுமா, "எந்த மை, பச்சை மூடியா கறுப்பு மூடியா" என்பதுதான். கறுப்பு மூடி என்றேன். எத்தனை பங்கு தண்ணீர் என்றார். சொன்னேன். "அதான் அந்த நாலு வருஷமும் மை சீக்கிரம் சீக்கிரம் தீந்துச்சு, நான் அந்தக் கம்பெனிக்காரன ஏமாத்துறான்னு திட்டித் தீத்தேனே" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, விரிப்பை அவர் தலையில் போர்த்தி ஒரு சாத்து சாத்தலாமா என்றும் வந்தது. அப்புறம் அவர் அப்படியே ஈரத்துணிக் குவியலின் மேல் உட்கார்ந்துவிட்டார். பிறகு, "அன்னிக்கு அக்காகிட்ட நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உனக்கு மை தேவைப்பட்டிருக்காது" என்றார். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் கேட்ட மன்னிப்பு அது ஒன்றுதான், அதற்கே அவர் கால்சட்டை முழுக்க நனைந்துவிட்டது.

உன் அத்தையிடம் சொன்னதுதான் பெரிய கூத்து. நான் அவர் என் மேல் பாய்வார் என்று நினைத்தேன். அவர் நம்பவே இல்லை. "பொய் சொல்றா. பொண்ணு பயந்திருக்கான்னு இப்ப கதை கட்டுறா. அது நெஜ முத்திரை, நான் கண்ணால பாத்தேன். நாப்பது வருஷம் கறை பாத்த கண்ணு இது, மைக்கும் முத்திரைக்கும் வித்தியாசம் தெரியாதா" என்று கத்தினார். யோசித்துப் பார், முப்பத்தொரு வருஷமாக நீ எங்கள் பிள்ளை இல்லை என்று ஜாடை பேசியவர், இப்போது நீ எங்கள் பிள்ளைதான் என்று சத்தியம் செய்கிறார், நான் இல்லை இல்லை என்று தலையில் அடித்துக்கொள்கிறேன். வேறு வழியில்லாமல் கறுப்பு மூடி பாட்டிலை எடுத்து அவர் கண் முன்னாலேயே என் இடது மணிக்கட்டில் போட்டேன், அதே அளவு, அதே கோணல் ஓரம். மறுநாள் காலையில் பழுப்பாகியிருந்தது. அவர் தன் பெட்டியைத் திறந்து எலுமிச்சை உப்பு, வினிகர், ஸ்பிரிட் எல்லாவற்றையும் வரிசையாக வைத்துக்கொண்டு, என் கையைச் சட்டைக் கை மாதிரி இழுத்து வைத்துத் தேய்த்தார். இரண்டு நாள் தேய்த்தார். என் தோல்தான் போனது, கறை போகவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் கடைசியாக ஒரு தடவை விளக்கின் கீழே வைத்துப் பார்த்துவிட்டுப் பஞ்சைக் கீழே வைத்தார். "ஓரத்த நல்லாத்தான் கோணலாக்கியிருக்க" என்றார். அவர் வாயிலிருந்து என் வேலைக்கு வந்த முதல் பாராட்டு அது. ஆனால் அதோடு விடவில்லை, பழக்கம் விடுமா, "அப்ப அந்தப் பொண்ணு யாரு" என்று இழுத்தார்.

உன் அப்பா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "என் பொண்ணு, அக்கா. என்கிட்ட ரெண்டு ஜீன் இருந்துச்சு, நல்லது அவளுக்குப் போச்சு, அவ்வளவுதான். இன்னொரு தடவ இந்தக் கேள்வி கேட்டன்னா நீ இந்தக் கடைப் படி ஏறாத" என்றார். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. உன் அத்தை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், அப்புறம் அழ ஆரம்பித்தார், நடிப்பு இல்லை, நிஜ அழுகை. அவருக்கு முகத்திலும் கழுத்திலும் எத்தனை கட்டி என்று உனக்குத் தெரியும். பெண் பார்க்க வந்தவர்கள் தேநீரைக் குடித்துவிட்டுத் திரும்பிப் போனது எத்தனை தடவை என்று எனக்குத் தெரியும். அவருக்கு அது முத்திரையாக இருந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் அது வெறும் கட்டி. நாங்கள் டாக்டரம்மாவிடமிருந்து வந்து அது ஒரு பழுது என்று சொன்னபோது யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. அவர் அழுததைப் பார்த்ததும் என் கோபம் போய்விட்டது என்று எழுத ஆசைதான், பாதி போனது, மீதியை இன்னும் கொஞ்ச நாள் வைத்துக்கொள்ளப் போகிறேன். அவரையும் வரும் வியாழக்கிழமை டாக்டரம்மாவிடம் காட்டப் போகிறோம், கழுத்தில் ஒன்று சமீபமாக வலிக்கிறதாம், இவ்வளவு நாள் சொல்லவே இல்லை. உன்னிடம் பேச வேண்டும் என்கிறார். எடுப்பதும் எடுக்காததும் உன் இஷ்டம், நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

இனி நீ செய்ய வேண்டியது. இந்தக் கடிதத்தை மாப்பிள்ளைக்கு வாசித்துக் காட்டு, வெட்கப்பட ஒன்றும் இல்லை, மாமியார் எப்படிப்பட்ட ஆள் என்று அவருக்கும் தெரியட்டும். நாளைக்கே உன் டாக்டரிடம் போய், என் முதுகில் இருந்ததாகச் சொன்னது சலவைக்கடை மை, பிறந்ததிலிருந்து எனக்கு ஒரு கறையும் கிடையாது என்று சொல். நம் டாக்டரம்மாவிடம் சனிக்கிழமையே நான் போய் ஒப்புக்கொண்டேன். அவர் கொஞ்ச நேரம் என் மணிக்கட்டையே பார்த்துவிட்டு, முப்பது வயதைத் தாண்டியும் ஒரு கறைகூட இல்லை, கட்டி இல்லை என்றால் உனக்கு இந்தக் கோளாறு இருப்பது மிக மிக அரிது என்றார். இருந்தாலும் ரத்தத்தைக் கொடுத்துவிடு. அப்பா பழுதின் விவரம் அவருடைய ரத்த முடிவு வந்த அந்த நாலு பக்கத்தில் இருக்கிறது, அண்ணன் இதோடு சேர்த்து அனுப்புவான், அதைக் காட்டினால் எங்கே தேட வேண்டும் என்று அவர்களுக்குச் சுலபமாம். இல்லை என்று வந்துவிட்டால் வயிற்றில் ஊசி வேண்டாம், ஒன்றும் வேண்டாம். அந்த ஊசியை முடிவு வரும் வரை தள்ளிவைக்க முடியுமா என்று கேட்டுக்கொள். ஒருவேளை, என் கணக்கெல்லாம் தப்பி, இருக்கிறது என்று வந்தால் அப்போதும் தலையில் கை வைத்து உட்காராதே. உன் அப்பாவுக்கு அறுபத்திரண்டு வயது, பதினொரு கறை, நாலைந்து கட்டி, ஒரு நாள் கடை மூடினதில்லை, இரண்டு பிள்ளைகளைப் பெற்று வளர்த்தார், சாப்பாட்டில் உப்புக் குறைந்தால் இன்றைக்கும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்கிறார். அவரைப் போல ஒரு குழந்தை பிறந்தால் அதைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், பயப்பட ஆள் வேண்டாம். நான் வருகிறேன். இல்லை என்று வந்தாலும் வருகிறேன், மாப்பிள்ளையின் சட்டைகளை நீ எந்த லட்சணத்தில் துவைத்துப் போடுகிறாய் என்று படத்திலேயே தெரிகிறது. நேரத்துக்குச் சாப்பிடு, படிக்கட்டில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கு, அழுவதாக இருந்தால் சாப்பிட்டுவிட்டு அழு. முடிவு வந்ததும் முதலில் எனக்குச் சொல், அண்ணனுக்கு இல்லை, எனக்கு.

நீயும் உன் வீடும் வயிற்றில் இருக்கிற பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் நிறைந்து இருக்க வேண்டும். அப்பா தன் ஆசீர்வாதத்தையும் எழுதச் சொல்கிறார், தனியாக என்ன எழுத என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டு பாய்லரைப் பார்க்கப் போய்விட்டார். கடைசியாக ஒன்று. குழந்தை பிறந்ததும் துடைத்து உன் கையில் கொடுப்பார்கள். அதை உடனே புரட்டிப் புரட்டி முதுகில் என்ன இருக்கிறது என்று பார்க்காதே, அதெல்லாம் டாக்டர்கள் பார்ப்பார்கள், நீ அதன் முகத்தைப் பார். எங்கேயாவது ஒன்று வந்திருக்காதா என்று நான் உன்னை முதல் ஐந்து மாதமும் குப்புறப் போட்டே பார்த்துக்கொண்டிருந்தேன், அந்த ஐந்து மாதத்தில் உன் முகம் எப்படி இருந்தது என்று இப்போது எவ்வளவு யோசித்தாலும் எனக்கு நினைவுக்கு வரவில்லை. மைக்காக என்னை நீ எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு, வாங்கிக்கொள்கிறேன். இதற்கு மட்டும் என்னை மன்னித்துவிடு கண்ணு.

இப்படிக்கு,
உன் அம்மா